பூசாமல் விட்ட இடம்

அந்தப் பெண் மறுபடியும் கால் மாற்றிக்கொண்டாள். நான் உட்கார்ந்ததிலிருந்து பார்க்கிறேன், வலது காலுக்குக் கொஞ்ச நேரம் ஓய்வு, பிறகு இடது காலுக்கு, முகத்தில் மட்டும் எதுவும் மாறுவதில்லை. செருப்பு புதிது போலிருக்கிறது, குதிகாலுக்கு மேலே பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறாள். சட்டையில் குத்திய அட்டையில் ஹேமலதா என்று இருக்கிறது. இங்கே வாங்க வருகிறவர்களுக்கு மட்டும்தான் நாற்காலி. எனக்கு ஒன்று போட்டார்கள். வீட்டுக்காரருக்கும் போட்டார்கள், அவர் உட்காரவில்லை. உட்காருங்க என்று வாய்வரை வந்தது. சொன்னால், என்னங்கம்மா சாருக்கு முடியலையா என்று அந்தப் பெண் கேட்பாள், அவருக்கு அது பிடிக்காது. நாளைக் காலையில் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். வியாழக்கிழமை நெஞ்சைத் திறக்கிறார்கள். திறக்கிறோம் என்றுதான் டாக்டர் சொன்னார், பீரோவைத் திறப்பது போல. அப்படிப்பட்ட மனுஷர் இப்போது குனிந்து ஒரு பாட்டுச் செட்டின் பின்பக்கத்தைத் தடவிப் பார்க்கிறார். "ஏம்மிணி, பின்னாடி எத்தன இன்புட்டு?" என்கிறார். "நாலுங்க சார். அதுபோக யூஎஸ்பி ரெண்டு இருக்குதுங்க, ப்ளூடூத் இருக்குதுங்க." "பின்னால வேணும்னா வூஃபர் தனியாச் சேத்திக்கலாமா?" "சேத்திக்கலாங்க சார்." "ஸ்பீக்கரு?" "இப்ப ரெண்டு வரும்ங்க. நாலு வரைக்கும் போட்டுக்கலாங்க." அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நிமிரும்போது ஒரு கை மேஜையைப் பிடித்துக்கொண்டது. "பாத்தியா வசந்தா, நாலு வரைக்கும்." நான் தலையாட்டினேன். எதற்கு நாலு, இரண்டு காதுதானே என்று முன்னெல்லாம் கேட்டிருப்பேன். கேட்டால் ஒரு பதில் வரும், அதில் அரை மணி நேரம் போகும், போகட்டும் என்று கேட்டிருப்பேன். இன்றைக்குக் கேட்கத் தெம்பில்லை. மேஜையில் அந்தப் பெரிய செட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பெட்டி இருக்கிறது, டிபன் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. முன்னால் ஒரு திருகு, ஒரு பொத்தான். பொத்தானை அமுக்கினால் பாடும், திருகினால் சத்தம் கூடும். பாட்டெல்லாம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறதாம், ஐயாயிரம் பாட்டு, யாரோ உட்கார்ந்து பொறுக்கி உள்ளே போட்டு மூடிவிட்டார்கள். வந்தவுடன் நான் பார்த்தது அதைத்தான். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். "அது எதுக்கு? அவன் போட்டுக் குடுத்ததத்தான் நாம கேக்கோணும். நமக்குன்னு ஒரு பாட்டுச் சேத்த முடியாது. பொட்டலத்துல கட்டி விக்கற புளிசாதமாட்ட." அந்தப் பெண், "சார், இதுலயும்..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் அவர் பெரிய செட்டின் ரிமோட்டைக் கையில் எடுத்து இது டிவிக்கும் வேலை செய்யுமா என்று கேட்டுவிட்டார். அவள் கால் மாற்றிக்கொண்டாள்.

எனக்கு அந்தச் சிவப்புப் பெட்டிதான் வேண்டும். வேண்டும் என்று சொல்ல ஒரு நொடி போதும். சொன்னால் ஏன் என்பார். முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் எதற்கும் ஏன் கேட்காமல் விட்டதில்லை, பம்புசெட் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்த பழக்கம், எந்த மோட்டார் நின்றாலும் ஏன் நின்றது என்று தெரியாமல் மறுபடி ஓட விட மாட்டார். ஏன் என்று கேட்டால் நான் என்ன சொல்வது. எனக்கு லேசாகப் போட வரும் என்று சொல்லலாம். நான் இருக்கறப்ப நீ எதுக்குப் போடோணும் என்பார். அதற்குப் பதில் ஒன்றுதான் இருக்கிறது. அந்தப் பதிலை வாயில் வைத்துக்கொண்டு இந்தக் குளிரில் உட்கார்ந்திருக்கிறேன். ஏசி என் கணுக்காலில் அடிக்கிறது, புடவையை இழுத்து மூடினாலும் எங்கிருந்தோ வருகிறது. எதிர்ச் சுவர் முழுக்க டிவிகள், எல்லாவற்றிலும் ஒரே பூ மெதுவாக விரிகிறது, சத்தம் இல்லை. கீழ்வரிசையில் ஒரு டிவி மட்டும் பின்தங்குகிறது. மற்றதெல்லாம் விரிந்து முடிந்த பிறகு அது தனியாக விரிகிறது. அதைப் பார்க்கக் கூடாது என்று திரும்பிக்கொள்கிறேன், திரும்பவும் கண் அங்கேயே போகிறது. போன மாதம் ஆஞ்சியோ எடுக்க அவரை வைத்துக்கொண்ட இரண்டு ராத்திரியும் துணைக்கு ஒரு ஆள்தான் இருக்கலாம் என்றார்கள். கொழுந்தனார் இருந்துகொண்டார், நீங்க ஊட்டுக்குப் போயிப் படுங்க அண்ணி என்றார். வீட்டுக்குப் போய் விளக்கைப் போட்டேன். விளக்கு மட்டும்தான் என்னால் போட முடிந்தது. டிவியோ பாட்டோ வேண்டுமென்றால் முதலில் ஸ்டெபிலைசர், அதில் பச்சை வரும்வரை பொறுக்க வேண்டும், பிறகு ஆம்ப்ளிஃபையர், பிறகு அதற்கு மேலே உள்ள கறுப்புப் பெட்டி, பிறகு எந்த ஒயர் எந்த ஓட்டையில் இருக்கிறதோ அதற்குத் தகுந்த நம்பர். ரிமோட் மூன்று, மூன்றுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டு ரப்பர் பேண்ட் சுற்றியிருக்கும். தீபாவளி, பொங்கல் என்று ஒவ்வொரு நோம்பிக்கும் ஏதாவது ஒன்று கூடுதலாக வந்து சேரும், ஒயர்கள் பின்னால் போய் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும், தூசி தட்டக்கூட நான் கை வைக்கக் கூடாது. அவர் அதன் முன்னால் உட்கார்ந்தால் எங்கே போக வேண்டுமென்று பத்து விரலுக்கும் தெரியும். பொத்தான்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன். நீலத் திரை வந்தது. சிக்னல் இல்லை என்று இங்கிலீஷில் எழுத்து வந்தது, மிதந்துகொண்டே ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போனது. அணைக்கவும் தெரியவில்லை. அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் சத்தம் என்று ஒன்றுமில்லை, ஃப்ரிட்ஜ்கூட அன்றைக்கு ஓடாமல் நிற்கிற மாதிரி இருந்தது. என் மூச்சு எனக்குக் கேட்டது. அதைக் கேட்க ஆரம்பித்தால் எண்ணத் தோன்றும், எண்ணினால் அங்கே அவர் மூச்சு எத்தனையாவது என்று தோன்றும். எழுந்து போய் கிரைண்டரைப் போட்டேன். அதற்கு ஒரே சுவிட்ச். சாயங்காலம் ஊற வைத்த அரிசி கொஞ்சம் இருந்தது, அதைப் போட்டேன், அரைந்து முடிந்ததும் இன்னும் கொஞ்சம் அரிசியை ஊற வைத்து அதையும் போட்டேன். கல் சுற்றுகிற சத்தம் வீடு முழுக்கப் போனது, நான் சமையலறை வாசலில் முந்தானையை விரித்துப் படுத்துக்கொண்டேன். மறுநாள் ராத்திரியும் அப்படித்தான். பக்கத்து வீட்டு சரோஜா, என்னக்கா விசேஷமா, தூக்குல மாவு வந்துட்டே இருக்குது என்றாள். புளிச்சுப்போகும், சுட்டுச் சாப்பிடு என்று கொடுத்தேன். அவர் வீட்டுக்கு வந்ததும் முதலில் பெட்டிகளைப் பார்த்தார். "எல்லாம் ஓடுச்சா?" "ஓடுச்சுங்க." "நாந்தான் சொன்னனில்ல, பழகுனாச் சுளுவு." ஆமாங்க என்றேன். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேச இடமில்லாமல் போய்விட்டது.

அந்தக் கிரைண்டர்கூட, நினைத்தால் சிரிப்பு வருகிறது, அவர் வாங்கியபோது கூடவே தேங்காய் துருவ ஒன்று, மாவு பிசைய ஒன்று, இன்னும் எதற்கோ ஒன்று, எல்லாம் மாட்டிக்கொள்கிற மாதிரி இருப்பதாகப் பார்த்து வாங்கினார். பின்னால உதவும் என்றார். பின்னால் என்பது ஒரு பரண். அங்கே அவையெல்லாம் பாலிதீன் உறையோடு இருக்கின்றன. வீட்டையே அப்படித்தான் கட்டினார். மொட்டைமாடியில் நாலு மூலையிலும் நடுவிலும் கம்பி நீட்டி விட்டிருக்கிறார், அபிராமிக்கு மேலே ஒரு போர்ஷன் எடுக்கலாம் என்று. அபிராமி கல்யாணமாகிப் புனேவுக்குப் போய் அங்கேயே ஃபிளாட் வாங்கிவிட்டாள். நாளைக்கு வருகிறாள், லீவு ஒரு வாரம்தான். எதுக்கும்மா மேல கட்டோணும், யாரு இருக்கப்போறா என்று அவள் சொல்லி ரொம்ப நாளாகிறது. அவர் கேட்டுக்கொள்வார், ஐப்பசி மழைக்கு முன்னால் சிமென்ட்டுப் பால் கரைத்து எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவார். ஒவ்வொரு கம்பியாகத் துணி சுற்றிய குச்சியால் பூசுவார், துரு ஏறக் கூடாது என்று. நான் கீழே கொடியில் துணியை எடுத்தபடி அண்ணாந்து பார்ப்பேன், வானத்தை நோக்கிக் கம்பிகள், நடுவில் இவர். இந்த ஐப்பசியில் போகவில்லை. நாலு படி ஏறினாலே நின்றுவிடுகிறார். ஆளை வைத்துப் பூசலாமா என்று கேட்டேன், அவன் பூசறது பூச்சா என்றார். மழை ஆரம்பித்துவிட்டது. கம்பியில் ஆரஞ்சு நிறத்தில் தண்ணீர் வழிந்து தளத்தில் கறை பிடித்திருக்கிறது, நான் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை, அவரிடம் சொல்லவில்லை. இதெல்லாம் அவர் விட்டு வைத்தது. நான் விட்டு வைத்தது ஒன்று உண்டு. வீட்டு வேலை முடிகிற சமயத்தில், இவர் டூட்டிக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், மேஸ்திரி காளியண்ணன் சமையலறைக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டார். "முழுசா முடிச்சறக் கூடாதுங்கம்மா. ஒரு கையகலம் எங்கியாச்சும் பூசாம உட்டு வெயுங்க. முடிஞ்ச ஊடு ஆளக் காவு கேக்கும்பாங்க." சரி என்று அந்த மூலையைக் காட்டினேன். கொல்லைச் சுவரில், குழாய்க்கு மேலே, ஒரு கையகலத்துக்குச் செங்கல் தெரிகிறது. அவர் ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டார். கல்லும் மண்ணும் ஆளக் கேக்குமா, அதுக்கு வாயி எங்க இருக்குது காட்டு பாக்கலாம் என்று மேஸ்திரியையும் என்னையும் சேர்த்து ஓட்டினார். சாமி கும்பிடாதவர், ராகுகாலத்தில் வண்டி டெலிவரி எடுத்தவர். ஆனாலும் பூசவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடிக்கும்போது மட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த மூலைக்கு முன்னால் நிற்பார். "என்ன வசந்தா, இந்த வருசம் பூசிப்போடலாமா?" "அடுத்த வருசம் பாத்துக்கலாங்க." "அடுத்த வருசமா? செரி, செரி." பெயின்ட் மாறியது, குழாய் மாறியது, அந்தப் பேச்சு மாறவில்லை. அவருக்கு அது வருஷத்துக்கு ஒரு முறை என்னைக் கிண்டல் செய்ய ஒரு சாக்கு. அவர் விட்டு வைப்பதெல்லாம் என்றைக்காவது நிரப்புவதற்கு. எனக்கு அந்தச் செங்கல் அப்படியே இருந்தால் போதும்.

டாக்டரிடமும் இதேபோலத்தான் கேட்டார். கம்ப்யூட்டரில் அவருடைய நெஞ்சுக் குழாய்கள் கறுப்பாக, மண்ணை விலக்கிய வேர் மாதிரி தெரிந்தன, அங்கங்கே நூலாக மெலிந்து. டாக்டர் பேனா முனையால் ஒவ்வொரு அடைப்பாகத் தொட்டுக் காட்டினார். இவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார், பயந்த மாதிரி இல்லை, யாரோ புது மோட்டாரின் படத்தை விரித்துக் காட்டுகிற மாதிரி பார்த்தார். "இப்பைக்கு ஒரு ஸ்டென்ட் வெச்சுட்டு, அப்பறம் தேவப்பட்டா இன்னொண்ணு சேத்திக்கலாங்களா டாக்டர்?" டாக்டர் சிரித்தார், நல்ல பையன், சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார். "இல்லீங்கய்யா. அந்த எடம் தாண்டிப்போச்சுங்க. இது ஒரே தடவ செஞ்சு முடிச்சறதுதான்." செய்து முடித்துவிடுவது. வெளியே வந்து படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். ஒரு ஆள் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தான். இவர், அதென்ன வசந்தா, எக்ஸ்ட்ரா ஒண்ணும் வெக்க முடியாதுங்கறான் என்றார், விளையாட்டாகத்தான் சொன்னார், குரல் கடைசியில் கொஞ்சம் இறங்கியது. போன வாரம் இடி விழுந்ததில் வீட்டு ஆம்ப்ளிஃபையர் போய்விட்டது. கருகிய வாசனை வந்தபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. உடனே பயமும் வந்தது, எது போனதற்கு நிம்மதிப்படுகிறாய் என்று. அவருடைய கையால் ஓடிய ஒன்று அவருக்கு முன்னால் போனதற்கா. நான் ஒன்றும் அப்படி நினைக்கவில்லை, நினைக்கவில்லை என்று அன்றைக்கு முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன், சொல்லச் சொல்ல நினைத்தது போலவே ஆகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பை கட்டிக்கொண்டிருந்தவளிடம் இன்று மத்தியானம் வந்து, கெளம்பு, செட்டு ஒண்ணு பாத்துட்டு வந்தறலாம் என்றார். இப்பவா என்றேன். "ஆறு வாரம் மல்லாக்கப் படுத்துக் கெடக்கோணுமாமா, பாட்டுக் கேக்காம என்ன பண்றது? மோட்டுவளையப் பாத்துட்டுக் கெடக்கறதா?" வீட்டுக்குத் திரும்பி வந்து படுத்திருக்கப் போகிற ஆறு வாரத்துக்கு. அதற்குப் பிறகு சேர்க்கப் போகிற வூஃபருக்கு. அதற்கும் பிறகு மூன்றாவது ஸ்பீக்கர், நாலாவது ஸ்பீக்கர். ஒவ்வொரு ஓட்டையும் அவர் எண்ணிக் கேட்கும்போது அவர் எதை எண்ணுகிறார் என்று எனக்குத் தெரிகிறது. இந்த நேரத்தில் அந்தச் சிவப்புப் பெட்டியை நான் எப்படிக் காட்டுவது. ஒரு பொத்தான், ஒரு திருகு, மூடி ஒட்டியாகிவிட்டது. ஒருத்தி தனியாக இருந்தால் போட்டுக்கொள்கிற பெட்டி அது. அட்டைப் பெட்டியிலேயே ஒரு நரைத்த பெண்ணின் படம் போட்டிருக்கிறான், சோபாவில் அவள் மட்டும் உட்கார்ந்திருக்கிறாள், சிரித்துக்கொண்டு. பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறது.

"வசந்தா." அவர் கூப்பிட்டது இது எத்தனையாவது தடவை என்று தெரியவில்லை. "தூங்கிட்டியா? எதுன்னு சொல்லு. பில்லுப் போடச் சொல்லோணுமல்லோ." "நீங்க பாருங்க" என்றேன். "நாம் பாத்தாச்சு. எனக்கு இதுதான்." பெரிய செட்டின் தலையில் கையை வைத்தார், கன்றுக்குட்டியைத் தட்டுவது போல. "நீ என்ன சொல்ற?" அந்தப் பெண்ணும் என்னைப் பார்த்தாள். வீட்டுக்கார அம்மா கடைசியில் எதைச் சொல்கிறாளோ அதற்குத்தான் பில் என்று அவளுக்குப் பழக்கத்தில் தெரிந்திருக்கும். நல்லாருக்குதுங்க, அதையே எடுத்துக்கலாம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. அவர் முகம் ஒரு நாளைக்காவது நன்றாக இருக்கும். நாளை ராத்திரி நான் நீலத் திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொள்கிறேன், அரிசி இருக்கிறது, கிரைண்டர் இருக்கிறது. அபிராமி ஒரு வாரம் இருப்பாள். ஒரு வாரம் கழித்து. ஆறு வாரம் கழித்து. அதற்குப் பிறகு என்று ஒரு காலம் எனக்கு முன்னால் நின்றது, நாலு பக்கமும் ஒயர் தொங்கிக்கொண்டு, எது எங்கே போகிறது என்று சொல்ல ஆளில்லாமல். எனக்குக் களைப்பாக இருந்தது. பயம்கூட இல்லை, பயப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. நான் பேச நினைத்தேனா, தானாக வந்துவிட்டதா என்று இப்போதும் தெரியவில்லை. "அந்தச் சின்னது" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பக்கத்து நாற்காலியில் இருந்து பேசுவது போல் கேட்டது. அவர், "எது?" என்றார். விரலை நீட்டினேன். அவர் சிவப்புப் பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஏன் என்று கேட்பதற்காகக் காத்திருந்தேன். எதிர்ச் சுவரில் பூ ஒன்று விரிந்து முடிந்தது, கீழே பின்தங்கிய டிவியில் அது பாதியில் இருந்தது. அவர் ஏன் என்று கேட்கவில்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. பெரிய செட்டின் தலையில் இருந்த கையை மெதுவாக எடுத்தார், எடுத்த கை எங்கே போவதென்று தெரியாமல் சட்டைப் பையைத் தொட்டது, கண்ணாடிக் கூட்டைத் தொட்டது, கீழே தொங்கியது. கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். வியாழக்கிழமை வரைகூடப் பொறுக்காமல் நானே முடித்துவிட்டேன். இல்லீங்க, சும்மா சொன்னன், பெருசே எடுத்துக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வந்ததிலிருந்து இப்போதுதான் உட்காருகிறார். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, அந்தப் பெண்ணுக்குக் கேட்காதபடி, "செரி. மாவாச்சும் மிச்சமாகும்" என்றார்.

நான் அவரைப் பார்க்கவில்லை. என் கைப்பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாவு வந்ததைச் சரோஜா சொல்லியிருப்பாள். எப்போது சொன்னாளோ, வீட்டுக்கு வந்த அன்றைக்கேவோ, எல்லாம் ஓடுச்சா என்று கேட்டதற்கு முன்னாலேயோ. ஓடுச்சுங்க என்று நான் சொன்னபோது அவர் ரிமோட்டின் ரப்பர் பேண்டைப் பிரித்து மறுபடி சுற்றிக்கொண்டிருந்தார், அது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. தெரிந்துகொண்டுதான் இங்கே வந்து நாலு ஓட்டையையும் எண்ணினாரா. நான் சொல்லட்டும் என்று இருந்தாரா, நான் சொல்லக் கூடாது என்று இருந்தாரா. கேட்க முடியாது. கேட்டால் இரண்டு பேரும் பேச வேண்டியிருக்கும். "அம்மிணி, அதையே எடு" என்றார் அவர் சத்தமாக. "அம்மா புளிசாதந்தான் வேணுங்கறாங்க." அந்தப் பெண் சிரித்தாள், இவ்வளவு நேரத்தில் முதல் தடவை, பல் வரிசையில் ஒன்று ஏறி இருந்தது. உள்ளேயிருந்து புதுப் பெட்டி வந்தது. மேஜையில் வைத்துப் பிரித்து, ஓட்டிக் காட்டுவதற்காகப் பொத்தானை அமுக்கினாள். பாட்டு வந்தது. எதைப் பாடும் என்று யாரும் கேட்கவில்லை, அதுவே ஒன்றைப் பாடியது. என்னை அமுக்கச் சொன்னாள். அமுக்கினேன், நின்றது. அமுக்கினேன், பாடியது. அவ்வளவுதான். அவர் சும்மா இருப்பாரா, பெட்டியை மடியில் வாங்கி வைத்துப் பின்பக்கம் திருப்பினார், எதை வாங்கினாலும் பின்பக்கத்தைப் பார்க்காமல் அவரால் முடியாது. கட்டைவிரல் வழவழப்பின்மேல் போய் ஓரிடத்தில் நின்றது. நகத்தால் நெம்பினார். ரப்பர் மூடி ஒன்று திறந்துகொண்டது, உள்ளே மெல்லிய கீறல் போல ஒரு துளை. "இதென்னம்மிணி?" அவர் குரலில் ஏதோ ஏறிவிட்டது. "கார்டு போடறதுங்க சார். உங்களுக்கு வேணுங்கற பாட்டு அதுல சேத்திப் போட்டுக்கலாங்க." "அடப்பாவமே, இதச் சொல்லவே இல்லயே நீ!" "சொல்ல வந்தனுங்க சார். நீங்க எங்க உட்டீங்க?" அவர் சிரித்தார். சிரிக்கும்போது நெஞ்சில் கை வைத்துக்கொண்டார், நான் பாதி எழுந்துவிட்டேன், ஒண்ணுமில்ல உக்காரு என்று கையமர்த்தினார். "கார்டு ஒண்ணு ஆஃபர்ல வருதுங்க சார், இப்பவே போட்டுத் தரட்டுங்களா?" என்று அந்தப் பெண் இழுப்பறையைத் திறந்தாள். அவர் கையை நீட்டினார். "வேண்டாம் கண்ணு" என்றேன். "சும்மாத்தாங்கம்மா, காசு கெடயாதுங்க." "அதுக்கில்ல. அதுல ஒண்ணும் போட வேண்டாம். அப்படியே இருக்கட்டும்." ஏன் என்று அவள் கேட்கவில்லை, அவளுக்கு அடுத்த ஆள் காத்திருந்தார். அவர்தான் என்னைப் பார்த்தார். நீட்டிய கை அந்தரத்தில் இருந்தது. கொல்லைச் சுவரும் பூசாத செங்கலும் அவர் முகத்தில் வருவதை நான் பார்த்தேன், வருவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது, எனக்கும் சொன்ன பிறகுதான் வந்தது. கல்லுக்கு வாய் எங்கே என்று கேட்கப் போகிறார், இந்தப் பெண் முன்னால் கேட்டுவிட்டுப் போகட்டும். அவர் கையை மடக்கிக்கொண்டார். ரப்பர் மூடியைச் சாத்தி, கட்டைவிரலால் மெதுவாக அழுத்தினார், இரண்டு தடவை, சரியாகப் படிந்ததா என்று தடவிப் பார்த்தார். "வேண்டாம்மிணி. இருக்கட்டும்." பெட்டியை என் மடிக்கு மாற்றினார். பிறகு சுவரில் விரிகிற பூக்களைப் பார்த்துக்கொண்டு, "செரி, பொங்கலுக்குக் கேக்கறேன்" என்றார்.

"கேளுங்க" என்றேன்.